சிறந்த பத்துத் திரைப்படங்கள்: ஒரு தரவரிசையின் வரலாறு

திரைப்படங்களைக் கருத்தூன்றிக் காணும் சுவைஞர் எவரும் என்றேனும் ஒருநாள் தமக்கு விருப்பமான பழம்படங்களை வரிசைப்படுத்தத் தொடங்குகின்றார். முதலிடத்திற்கு உரியது யாது, நான்காவதாக வைத்ததை ஏன் மூன்றாவதாக வைத்தல் கூடாது, முன்பு எழுதிய பட்டியலினின்று இப்போது நீங்கியது எது என்றெல்லாம் அவர் தம்முள் வழக்காடுகின்றார். இவ்வழக்கினைச் சிலர் விளையாட்டெனத் தள்ளுவர். ஆயினும், தனியொருவர் செய்யும் இச்செயலைப் பல நாட்டுத் திறனாய்வாளர் ஒருங்குகூடிப் பத்தாண்டுக்கொருமுறை செய்துவந்திருக்கின்றனர். அவர்தம் பட்டியல்கள் நூல்களிலும் வகுப்பறைகளிலும் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. எந்தப் படத்தைப் பாதுகாப்பது, எதைப் புதுப்பிப்பது என முடிவு செய்வோரும் அவற்றை நோக்குகின்றனர். எனவே அவற்றை ஆராய்வது வீண்செயலன்று.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் வெளியீடாகிய 'சைட் அண்டு சவுண்டு' என்னும் இதழ் 1952 முதல் 2022 வரை வெளியிட்ட எட்டுப் பட்டியல்கள். இவற்றைச் சுவையின் வரலாறாகவே பலரும் படிக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எந்தக் காலத்தில், எந்தப் படம், எத்தகைய படியாக, யார் கண்ணுக்குக் கிடைத்தது என்பதே இவற்றில் முதற்கண் பதிந்துள்ளது. சுவை அதற்கு அடுத்தே நிற்கின்றது.

1952-இல் அவ்விதழ் 85 திறனாய்வாளர்க்கு மடல் விடுத்தது. 63 பேர் விடையளித்தனர். ஒவ்வொருவரும் பத்துப் படங்களைக் குறித்தல் வேண்டும். ஒருவர் தம் பத்தினுள் எதனை முதலில் எழுதினார், எதனை இறுதியில் எழுதினார் என்பது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. பத்தும் ஒவ்வொரு வாக்கே பெறும். இம்முறையைப் பட்டியலைப் படிப்போர் பெரும்பாலும் நோக்குவதில்லை. 'உலகின் தலைசிறந்த படம்' என்று எவரும் கூறாத ஒரு படம், பலருடைய பத்தினுள் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இடம்பெற்றே முதன்மை எய்திவிடலாம். சுவைஞர் தனியே எழுதும் பட்டியலில் உண்மையான வரிசை உண்டு. கூட்டுப் பட்டியலில் உள்ளது எண்ணிக்கை மட்டுமே.

அவ்வாண்டு விட்டோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' 25 வாக்குப் பெற்று முதலிடம் பெற்றது. அப்படம் வெளிவந்தது 1948-இல். நான்கே ஆண்டு அகவையுடைய படம் அது. சாப்ளினுடைய 'சிட்டி லைட்ஸ்', 'கோல்டு ரஷ்' ஆகிய இரண்டும் 19 வாக்கு வீதம் பெற்று இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்து, ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' 16 வாக்குப் பெற்றது. பத்தாமிடத்தில் மூன்று படங்கள் ஒத்து நின்றமையின் 'முதற்பத்து' எனப்பட்ட அப்பட்டியலில் இருந்தவை பன்னிரண்டு படங்கள். இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் நன்று. விடையளித்த 63 பேருள் 38 பேர் முதலிடம் பெற்ற படத்தைத் தம் பத்தினுள் ஒன்றாகவும் சேர்க்கவில்லை. 2012-இல் வாக்களித்தோர் 846 பேர். அவருள் முதலிடப் படத்தைக் குறித்தோர் 191 பேர். அஃதாவது நால்வரில் ஒருவர்கூட இல்லை. இதனை 'உலகத் திறனாய்வாளரின் ஒருமித்த தீர்ப்பு' எனச் செய்தித்தாள்கள் எழுதுவது மிகை. மேலும், ஒருவருடைய சிறந்த படங்கள் பலவாயின் வாக்குப் பிரிந்துபோகும். சாப்ளினுடைய இரு படங்களுக்கும் சேர்ந்த வாக்கு 38. இரண்டையும் ஒருங்கே குறித்தவர் இருத்தல் கூடும். எனினும் ஒரே பெரும்படம் எடுத்தவர்க்கு உள்ள நன்மை பல படம் எடுத்தவர்க்கு இல்லை என்பது தெளிவு. 1962-இல் சாப்ளினின் படம் ஒன்றேனும் முதற்பத்தில் இல்லை. பத்தாண்டில் அவர் கலை தேய்ந்துவிட்டது என்று கூறுவார் உளரோ?

இடையில் 1958-இல், பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியை ஒட்டிப் பெல்ஜியத் திரைப்படக் காப்பகம் வேறொரு தேர்வு நடத்தியது. 26 நாடுகளைச் சார்ந்த திரைப்பட வரலாற்றாசிரியரும் திறனாய்வாளருமாக 117 பேர் அதிற் பங்குகொண்டனர். அவருள் 100 பேர் 'பொட்டம்கின்' படத்தைக் குறித்தனர். தேர்வு பெற்ற பன்னிரண்டு படங்களுள் ஒன்பது ஊமைப்படங்கள். நடத்தியது காப்பகம், காப்பகங்கள் அக்காலத்தில் பேணி வைத்திருந்ததும் திரையிட்டுவந்ததும் ஊமைப்படங்களையே மிகுதியும் ஆகும். விடை அவ்வாறு அமைந்ததில் வியப்பில்லை. அப்பன்னிரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துரைக்குமாறு இளம் இயக்குநர் குழு ஒன்றனைக் கேட்டனர். ராபர்ட் ஆல்ட்ரிச், மைக்கேல் காகோயானிஸ், அலெக்சாண்டர் மெக்கன்ட்ரிக் முதலியோருடன் நம் சத்தியஜித் ராயும் அக்குழுவில் இருந்தார். ஒன்றனை மட்டும் முதலிடத்தில் வைக்க அவர்கள் உடன்படவில்லை. படம் எடுப்போர்க்கு அந்த வினா பொருந்தவில்லை போலும்.

1962-இல் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' 22 வாக்குடன் முதலிடம் பெற்றது. பின்னர் 2002 வரை, ஐந்து பட்டியல்களில், அவ்விடத்தை விட்டு அது இறங்கவில்லை. ஆனால் 1952-இன் பன்னிரண்டு படங்களுள் அஃது இல்லை. படம் 1941-இல் வந்தது. 1952-இலும் அதே படந்தான். இடையில் நிகழ்ந்தது யாது? செய்தித்தாள் முதலாளி ஹெர்ஸ்டின் பகைமையால் அது முதலில் நன்கு ஓடவில்லை. போர் காரணமாகப் பிரான்சு நாட்டிற்கு 1946-இல்தான் வந்தது. 1956-இல் அமெரிக்க அரங்குகளில் மீண்டும் திரையிடப்பட்டது; அதனை எடுத்த ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் பழம்படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டமையால் வீடுகளிலும் காணக்கிடைத்தது. ஒரு தலைமுறை அப்படத்தை மீண்டும் மீண்டும் கண்டது. அதன்பின்னரே வாக்குப் பெருகிற்று.

ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதி' இன்னும் தெளிவான சான்று. 1939 ஜூலையில் பாரிஸில் திரையிடப்பட்டபோது கூடியிருந்தோர் கூச்சலிட்டனர். இயக்குநரே பல பகுதிகளை வெட்டிக் குறைத்தார். போர் தொடங்கியதும் மக்கள் உள்ளத்தைத் தளர்த்துவது என்று கூறி அரசு தடைசெய்தது. 1942-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் மூலச்சுருள் அழிந்தது. 1959-இல்தான், எஞ்சிய துண்டுச் சுருள்களைத் தேடித் தொகுத்து, ரெனுவாரின் இசைவுடன் 106 நிமிட வடிவம் ஒன்றனை அமைத்து வெனிஸ் விழாவிற் காட்டினர். 1952-இல் பத்தாமிடத்தில் ஒத்து நின்ற மூன்றனுள் இது ஒன்று, 1962-இல் மூன்றாமிடம், அதன்பின் மூன்று பட்டியல்களில் இரண்டாமிடம். பத்தாமிடத்தில் நின்றது குறைபட்ட படி. மூன்றாமிடத்திற்கு உயர்ந்தது தொகுத்தெடுத்த படி. பெயர் ஒன்று; பாடம் வேறு. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய நம்மனோர்க்கு இவ்வேறுபாட்டின் சிறப்பினை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் திரைப்படத் தரவரிசை பற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிடுகின்றனர்.

பாட வேறுபாட்டில் மிகவும் வியப்புக்குரியது கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. அவ்வாண்டிலேயே பெர்லினில் மூண்ட தீயில் அதன் மூலச்சுருள் எரிந்தது. டிரையர் மனம் தளராமல், முன்பு ஒதுக்கிவைத்திருந்த மாற்றுக் காட்சித் துண்டுகளைக் கொண்டு, காட்சிக்குக் காட்சி ஒப்ப இரண்டாம் வடிவம் ஒன்றை அமைத்தார். 1929-இல் அதுவும் தீக்கிரையாயிற்று என்று கருதப்பட்டது. 1951-இல் அவ்விரண்டாம் வடிவத்தின் சுருள் ஒன்று பாரிஸில் கிடைத்தது. கண்டெடுத்தவர் லோ தூக்கா என்பவர். அவர் அதற்குப் பழைய இசைப்பகுதிகளைப் பொருத்தி வெளியிட்டார். டிரையர் அதனை விரும்பவில்லை. முதல் வடிவம் மறைந்தே போயிற்று என்னும் எண்ணத்துடனேயே 1968-இல் அவர் இறந்தார். 1981-இல் ஆஸ்லோவில் மனநல மருத்துவமனை ஒன்றின் பொருளறையில் சில பெட்டிகள் அகப்பட்டன. திறந்து பார்த்தபோது, டேனிய மொழி எழுத்துரைகளுடன் கூடிய முதல் வடிவம் ஏறக்குறைய முழுமையாக அவற்றினுள் இருந்தது.

இனி இப்படம் பெற்ற இடங்களை நோக்குவோம். 1952-இல் ஏழாமிடம், 1958-இல் பிரஸ்ஸல்ஸில் நான்காமிடம், 1972-இல் ஏழாமிடம், 1992-இல் ஆறாமிடம், 2012-இல் ஒன்பதாமிடம். எண்கள் ஏறத்தாழ ஒத்திருத்தலின் இப்படத்தின் மதிப்பு மாறவே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டலாம். ஆனால் முதல் மூன்று இடங்களைத் தந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வடிவத்தையோ சிதைந்த படிகளையோ கண்டவர்கள். பின் இரண்டினைத் தந்தவர்கள் மருத்துவமனையிற் கிடைத்த வடிவத்தைக் கண்டிருக்கக் கூடியவர்கள். ஒரே பெயரின்கீழ் இரு படங்கள் வாக்குப் பெற்றிருக்கின்றன. ஒதுக்கிய துண்டுகளாலான வடிவமே ஏழாமிடம் பெற்றதாயின், டிரையர் எதனை ஒதுக்கினார், எதனைக் கொண்டார் என்பதன் மதிப்பு யாது என்னும் வினா எழுகின்றது. இதனைத் தனியே ஆராய்தல் தகும்.

எரிக் வான் ஸ்ட்ரோகைம் 1924-இல் எடுத்த 'கிரீடு' முதலில் 42 சுருள் நீளமுடையதாய் இருந்தது. நிறுவனத்தார் வெட்டியது போக வெளிவந்தது 10 சுருள், மற்றவை அழிந்தன. 1962-இல் அது நான்காமிடம் பெற்றது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிட்டாத நிலையில் அந்நூலை மதிப்பிடுவோர் எஞ்சிய எண்பது பாட்டை நோக்கியே மதிப்பிடுகின்றனர். 'கிரீடு' படத்திற்கு வாக்களித்தவர் பலர் எஞ்சியதை மட்டும் நோக்கவில்லை, இழந்ததையும் மனத்திற் கற்பித்துக்கொண்டே வாக்களித்தனர் என்று நாம் ஐயுறுகின்றோம். இழப்பின்மேல் உள்ள இரக்கம் கூட வாக்காக மாறும்.

நம் கருத்திற்கு மாறான சான்றுகளும் உள. 'சைக்கிள் திருடர்கள்' எக்காலத்தும் காணக்கிடைத்த படம். அதன் படிக்குக் கேடில்லை, தடையுமில்லை. எனினும் 1962-இல் ஆறாமிடத்திற்கு இறங்கி, அதன்பின் முதற்பத்தினின்றே நீங்கிற்று. இது சுவை மாற்றமே என்பதில் ஐயமில்லை. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' வேறு வகையானது. 1958-இல் வெளிவந்த அப்படத்தின் உரிமை பின்னர் இயக்குநர் கைக்கு வந்தது. அவர் அதனையும் வேறு நான்கு படங்களையும் திரையரங்குகளுக்குக் கொடாமல் பல்லாண்டு வைத்திருந்தார். அவர் 1980-இல் மறைந்தபின் 1983-இல்தான் அவை மீண்டும் வெளிவந்தன. அப்படம் முதற்பத்தில் முதன்முறையாக இடம்பெற்றதோ 1982-இல்! காணக்கிடையாத காலத்தில் ஒரு படம் ஏறியிருக்கின்றது. ராபின் உட் 1965-இல் எழுதிய நூல் போன்றவை அதன் புகழைக் காத்தன. முன்பு கண்டவர் நினைவிற் கொண்டிருந்தனர். கிடையாமையே வேட்கையை வளர்த்தது எனலாம். ஆனால் அது நின்றது ஏழாமிடத்தில், அதுவும் 12 வாக்குடன். மீண்டும் திரைக்கு வந்தபின் 1992-இல் நான்காமிடம். 1996-இல் புதுப்பிக்கப்பட்டபின் 2002-இல் இரண்டாமிடம். 2012-இல் 'கேன்' படத்தினும் 34 வாக்கு மிகுதியாகப் பெற்று முதலிடம். நினைவு வாயில்வரை கொணர்ந்தது. உள்ளே அழைத்துச் சென்றது படியே.

எதனை ஒரு படம் என எண்ணுவது என்பதும் எளிய வினாவன்று. 2002-இல் 'காட்ஃபாதர்' படத்தின் முதற்பகுதியையும் இரண்டாம் பகுதியையும் ஒன்றாகக் கூட்டி எண்ணினர், நான்காமிடம் கிடைத்தது. 2012-இல் அவ்வாறு கூட்டலாகாது என விதி செய்தனர். உடனே அப்படம் முதற்பத்தினின்று மறைந்தது. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியம் எனச் சேர்த்துரைப்போரும் அவற்றிற்கு ஒரே வாக்கு என்றால் உடன்படுவரோ என்பது ஐயமே.

வாக்களிப்போர் யார் என்பது பற்றிச் சுருங்கக் கூறுவோம். 1992 முதல் இயக்குநர்க்குத் தனிப்பட்டியல் அமைந்தது. 2022-இல் திறனாய்வாளர் தொகை 1,639 ஆகப் பெருகியது. அவ்வாண்டு முதலிடம் பெற்றது பெல்ஜிய இயக்குநர் ஷான்தால் ஆக்கர்மான் 1975-இல், தம் இருபத்தைந்தாம் அகவையில், எடுத்த 'ழான் தீல்மான்'. கைம்பெண் ஒருத்தி உருளைக்கிழங்கு தோலுரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் 201 நிமிடம் பொறுமையாகக் காட்டும் படம் அது. 2012-இல் 36-ஆம் இடத்தில் இருந்தது. அதற்கு முன் எப்பட்டியலிலும் பெண் இயக்கிய படம் முதற்பத்தில் இருந்ததில்லை. இம்மாற்றத்தைக் கண்டு சிலர் பட்டியல் கெட்டது என்றனர். கெட்டது பட்டியலன்று, 1952-இன் 63 பேரும் 2022-இன் 1,639 பேரும் ஒரே அவையோர் என்று எண்ணியதே பிழை. அன்றியும், நெடுங்காலம் திரைப்படச் சங்கங்களிலும் காப்பகங்களிலும் மட்டுமே காணக்கிடைத்த அப்படம், குறுவட்டாக வீட்டிற்கு வந்தபின்னரே இவ்வுயர்வினைப் பெற்றது.

இந்தியப் படங்களுள் இப்பட்டியல்களின் முதற்பத்தில் இடம்பெற்றது ஒன்றே. ராய் 1950-இல் இலண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' கண்டார். படம் எடுக்கும் துணிவை அது தமக்குத் தந்தது என்று அவரே கூறியுள்ளார். அத்துணிவில் பிறந்த 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்து, 1992-இல் ஆறாமிடத்தை ஒத்த வாக்குடைய பிற படங்களுடன் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டே, இலண்டன் திரைப்பட ஆய்வகம் ஒன்றில் மூண்ட தீயில் ராயின் படச்சுருள்கள் பல கருகின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் காப்பகம் வைத்திருந்தது. பின்னர், இத்தாலியில் பொலோனா நகரத்துத் தொழில்வல்லார் அச்சுருள்களைப் பதப்படுத்தி, இளக்கி, துண்டுதுண்டாக ஒட்டி, இல்லாத பகுதிகளைப் பிற படிகளிலிருந்து நிரப்பினர். 2015-இல் புதுப்பித்த வடிவம் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் காட்டப்பட்டது. அறுபதாண்டுக்கு முன் அப்படம் முதன்முதல் காட்டப்பட்ட இடமும் அதுவே. 2022-இன் முதல் நூறில் அது 35-ஆம் இடம் பெற்றது. அந்நூறில் வேறு இந்தியப் படம் இல்லை.

தமிழ்ப் படம் அயல்நாட்டார் பட்டியலில் ஏறியதும் உண்டு. 'டைம்' இதழ் 2005-இல் வெளியிட்ட நூறு படங்களுள் மணிரத்தினத்தின் 'நாயகன்' ஒன்று. அதனைக் கொண்டு நம் சுவைஞர் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் தமிழ்ப் படங்களுக்கு நாமே முதற்பத்து வகுக்கப் புகின் தொடக்கத்திலேயே இடறுவோம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்னும் ஊமைப்படத்தின் படி ஒன்றும் இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்திற்கும் இதே நிலை. இவற்றைப் பத்தாமிடத்தில்கூட வைக்க எவராலும் இயலாது, கண்டவர் இல்லை.

தென்னிந்திய ஊமைப்படங்களுள் முழுமையாக எஞ்சியது என ஆய்வாளர் காட்டுவது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. நாகர்கோவில் சுந்தரராஜ் பொருளீட்டிக் கொடுக்க, பி. வி. ராவ் இயக்கிய படம் அது; சி. வி. ராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவியது. புதினத்தின் பதிப்புரிமை தம்முடையது என்று பதிப்பாளர் வழக்குத் தொடுத்தமையால் திரையீடு நின்றது. படச்சுருள் பதிப்பாளரிடமே தங்கிவிட்டது. அரங்கு அரங்காக ஓடித் தேய்ந்த பிற படங்களெல்லாம் அழிந்தன. ஓடாமல் நின்ற இதனை 1974-இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் பெற்றுக்கொண்டது.